எகிப்திலிருந்து மாப்பிள்ளை கேட்ட விதவை: மூன்று ராணிகளில் யாரைத் தேர்ந்தெடுப்பது?

"என் கணவர் இறந்துவிட்டார். எனக்கு மகன் இல்லை. உங்களுக்கு மகன்கள் நிறைய என்று சொல்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கொடுத்தால் அவர் என் கணவராவார். என் ஊழியன் ஒருவனைத் தேர்ந்து ஒருபோதும் கணவனாக்கிக்கொள்ள மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது."

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்து ராணி ஒருவர், இன்றைய துருக்கியை மையமாகக் கொண்டிருந்த ஹிட்டைட் பேரரசன் முதலாம் சுப்பிலுலியுமாவுக்கு அனுப்பிய கடிதத்தின் சாரம் இது. சிரியா யாருக்கு என்று இரண்டு நாடுகளும் மோதிக்கொண்டிருந்த நேரம். எதிரி வீட்டில் போய் மாப்பிள்ளை கேட்டிருக்கிறார்! அதற்குச் சில பத்தாண்டுகள் முன்புதான், மூன்றாம் அமென்கோதெப் பாபிலோன் அரசனிடம் "எகிப்து அரசனின் மகளை அன்று முதல் இன்று வரை யாருக்கும் கொடுத்ததில்லை" என்று கறாராகச் சொல்லியிருந்தார். அதே அரண்மனையிலிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால் யார் நம்புவார்கள்? சுப்பிலுலியுமாவும் நம்பவில்லை. பெரியவர்களைக் கூட்டி, "என் வாழ்நாளில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை" என்றார்.

அந்த ராணி யார் என்பதில்தான் சிக்கல். இதைப் பற்றி எழுதுகிறவர்கள், அது சிறுவர் புத்தகமானாலும் யூடியூப் வீடியோவானாலும், ஒரு பெயரைப் போட்டாக வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் "துட்டன்காமனின் இளம் மனைவி" அங்கெசெனமுன் என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் அதே உறுதியோடு, பார்வோன் அக்கெனாட்டெனின் பட்டத்து ராணி நெஃபர்டிட்டி என்கிறார்கள். மூன்றாவதாக மெரிட்டாட்டென் என்ற பெயரும் உண்டு. எதற்கு எவ்வளவு பலம் என்று பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலில் சாட்சி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இன்றைய துருக்கியில் போகாஸ்கோய் அருகே இருந்த ஹிட்டைட் தலைநகர் ஹட்டுசாவில் 1906 முதல் நடந்த அகழ்வில் ஆயிரக்கணக்கான ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றின் மொழியை 1915இல் செக் அறிஞர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி அவிழ்த்தார். அவற்றில் ஒரு தொகுதி, சுப்பிலுலியுமாவின் மகன் இரண்டாம் முர்சிலி தன் அப்பாவின் போர்களைப் பற்றி எழுதிவைத்த வரலாறு. 1956இல் ஹான்ஸ் குஸ்டாவ் கூட்டர்போக் அதைத் தொகுத்து வெளியிட்டார். விதவையின் கதை அதன் ஏழாவது பலகையில் வருகிறது. எகிப்தின் பக்கத்திலிருந்து இந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு வரிகூட நமக்குக் கிடைத்ததில்லை. ஆகவே நாம் கேட்பது ஒரு தரப்பின் வாக்குமூலம் மட்டுமே. அதுவும் ஒரு தலைமுறை கழித்து எழுதப்பட்டது.

முர்சிலி சொல்லும் கதை இப்படிப் போகிறது. சுப்பிலுலியுமா யூப்ரடீஸ் கரையிலுள்ள கார்கெமிஷ் பகுதியில் இருக்கிறார். லுபக்கி, தர்ஹுந்தசல்மா என்ற இரண்டு தளபதிகளை, இன்றைய லெபனானின் பெக்கா சமவெளியான அம்காவைத் தாக்க அனுப்புகிறார். அது எகிப்தின் ஆளுகையில் இருந்த இடம். எகிப்தியர்கள் பயப்படுகிறார்கள். போதாக்குறைக்கு அவர்களுடைய அரசன் நிப்ஹுருரியா இறந்துவிட்டிருக்கிறான். அப்போதுதான் ராணியின் கடிதம் வருகிறது. சுப்பிலுலியுமா தன் அந்தரங்க அதிகாரி ஹட்டுசாசிதியை எகிப்துக்கு அனுப்புகிறார்: "உண்மையைத் தெரிந்துகொண்டு வா. ஒருவேளை ஏமாற்றுகிறார்களோ என்னவோ. அவர்களுடைய அரசனுக்கு ஒரு மகன் இருக்கலாம்." இதற்கிடையில் கார்கெமிஷை முற்றுகையிட்டு எட்டாம் நாள் பிடித்துவிடுகிறார். குளிர்காலம் முடிந்து வசந்தத்தில் ஹட்டுசாசிதி திரும்பி வருகிறார். கூடவே ஹானி என்ற எகிப்தியத் தூதரும், ராணியின் கோபமான இரண்டாவது கடிதமும் வருகின்றன. கடைசியில் சுப்பிலுலியுமா தன் மகன் சன்னன்சாவை அனுப்புகிறார். அவன் கொல்லப்படுகிறான். அப்பா ஆத்திரத்தில் படையெடுக்கிறார். பிடித்துவந்த கைதிகளோடு கொள்ளைநோயும் ஹிட்டைட் நாட்டுக்குள் வந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆட்டிப்படைக்கிறது. முர்சிலி தெய்வங்களிடம் அழுது வைத்த பிரார்த்தனைகளில் இது பதிவாகியிருக்கிறது.

பலகையில் ராணியின் பெயராக இருப்பது "தஹமுன்சு". வெகுகாலம் இதை ஒரு பெண்ணின் பெயர் என்றே எடுத்துக்கொண்டார்கள். 1960இல் வால்டர் ஃபெடர்ன் இது "அரசனின் மனைவி" என்ற எகிப்தியப் பட்டத்தை ஹிட்டைட் காது கேட்டபடி எழுதியது என்று காட்டினார். இதனால்தான் இத்தனை தகராறு. அயல்நாட்டு எழுத்தர்களுக்கு எகிப்து ராணிகளின் பெயரே தெரியாது என்றும் சொல்ல முடியாது. மித்தானி அரசன் துஷ்ரட்டா, மூன்றாம் அமென்கோதெப்பின் மனைவி தியே ராணிக்குப் பெயர் சொல்லியே கடிதம் எழுதினார். பாபிலோனிலிருந்தும் தீர் நகரிலிருந்தும் எகிப்துக்குப் போய், அமர்னா என்ற ஊரில் கிடைத்ததால் அமர்னா கடிதங்கள் எனப்படுபவற்றில் மெரிட்டாட்டென் "மயாதி" என்ற பெயரில் வருகிறார். நம் ராணிக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மனைவியைக் கண்டுபிடிக்க, செத்துப்போன கணவனைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நிப்ஹுருரியா என்பது ஒரு பார்வோனின் அரியணைப் பெயர், அதாவது முடிசூடும்போது சூட்டிக்கொண்ட பெயர். துட்டன்காமனின் அரியணைப் பெயர் நெப்கெபெரூரே. அக்கெனாட்டெனுடையது நெஃபர்கெபெரூரே. இரண்டுக்கும் முதல் அசையில்தான் முக்கிய வேறுபாடு. அக்கெனாட்டெனை அமர்னா கடிதங்கள் "நப்ஹுருரியா" என்ற மாதிரி எழுதுகின்றன, அதாவது "ந". நம் பலகையிலோ "நி". மூன்றாம் அமென்கோதெப்பின் நெப்மாத்ரே என்ற பெயரும் "நிம்முரியா" என்று "நி"யில்தான் தொடங்குகிறது. அதாவது எகிப்திய "நெப்", ஆப்பெழுத்தில் "நிப்" ஆகிறது. இந்தக் கணக்குப்படி நிப்ஹுருரியா துட்டன்காமனே. ஆனால் இதே வரலாற்றின் இன்னொரு பிரதியில் அந்தப் பெயர் "பிப்ஹுருரியா" என்று இருக்கிறது. எழுத்தர் கை தவறியிருக்கிறது. ஒரு பிரதியில் தவறியிருந்தால் மற்றொன்றிலும் தவறியிருக்கலாமே என்று அக்கெனாட்டென் கட்சி கேட்கிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அப்படிப் பார்த்தால் "பி" வேண்டுமானால் பிழையாகலாம். சரியாகவே இருக்கும் "நி"யைப் பிழை என்று சொல்ல வேறு வலுவான காரணம் வேண்டும்.

மூன்று பேரில் மெரிட்டாட்டெனை முதலில் பார்த்துவிடலாம், அவருடைய வழக்கு சின்னது. அக்கெனாட்டெனின் மூத்த மகள். மெரிரே என்ற அதிகாரியின் அமர்னா கல்லறையில் ஸ்மெங்காரே என்ற அரசனின் பட்டத்து ராணியாகக் காட்டப்படுகிறார். அந்த அரசன் சீக்கிரமே போய்விட்டான். இளம் விதவை, பிள்ளை இல்லை, அரசியல் குழப்பம் என எல்லாம் பொருந்துகிற மாதிரித்தான் இருக்கிறது. 1970களில் ரோல்ஃப் கிரவுஸ் இவருக்காக வாதிட்டார். ஆனால் ஸ்மெங்காரேயின் அரியணைப் பெயர் அங்க்கெபெரூரே. அதை எப்படி நீட்டி மடக்கினாலும் நிப்ஹுருரியா வராது. ஆகவே இந்த வழக்கு நிற்க வேண்டுமானால், இறந்தவர் அக்கெனாட்டென் என்றும், அப்போது அவருக்கு ராணியாக இருந்தவர் இந்த மகள் என்றும் கொள்ள வேண்டும். ஆனால் 2012இல் வெளிவந்த தெய்ர் அபு ஹின்னிஸ் கல்குவாரிக் கல்வெட்டு, அக்கெனாட்டெனின் 16ஆம் ஆட்சியாண்டில் நெஃபர்டிட்டியையே பட்டத்து ராணி என்கிறது. அக்கெனாட்டென் ஆண்டது 17 ஆண்டுகள்தான். மிச்சமிருக்கும் ஓராண்டு இடுக்கில் மகளை நுழைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது ஒட்டவில்லை.

அதே கல்வெட்டு நெஃபர்டிட்டியின் கட்சிக்குப் புது உயிர் கொடுத்தது. முன்பெல்லாம் "நெஃபர்டிட்டி 12ஆம் ஆண்டுக்குப் பிறகு காணாமல் போய்விட்டார், அதனால் கணவர் இறக்கும்போது அவர் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இனி அப்படிச் சொல்ல முடியாது. நிக்கோலஸ் ரீவ்ஸ் போன்றவர்கள் நெஃபர்டிட்டிதான் அந்த விதவை என்கிறார்கள். அவருக்குப் பிறந்ததாகத் தெரிவது ஆறு பெண்கள். ஆக "எனக்கு மகன் இல்லை" என்பது அவர் வாயில் நேர்மையான பேச்சுதான். ஹிட்டைட் அரசனிடம் கேட்கும் துணிச்சலும் அவருடைய உருவத்துக்குப் பொருந்துகிறது. கர்நாக்கில் கிடைத்த கற்களில் எதிரியை அடிக்கும் பார்வோனின் தோரணையில் செதுக்கப்பட்டவர் அவர்.

இந்தக் கட்சிக்கு இருக்கும் உண்மையான பலம் பருவக் கணக்குதான். கார்கெமிஷ் வீழ்ந்த பிறகு சுப்பிலுலியுமா குளிர்காலத்துக்கு ஊர் திரும்புகிறார். அப்படியென்றால் முதல் கடிதம் இலையுதிர்காலத்தை ஒட்டி வந்திருக்க வேண்டும். பயண நாட்களைக் கழித்தால் பார்வோன் இறந்தது கோடையின் பின்பகுதி அல்லது இலையுதிர்காலத் தொடக்கம். துட்டன்காமனோ குளிர்காலத்தில் இறந்திருக்கிறார். அவருடைய சவப்பெட்டி மாலைகளில் இருந்த நீலநிறக் கார்ன்ஃபிளவர் போன்ற பூக்களைப் பார்த்து, அடக்கம் நடந்தது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் என்று கணித்தார்கள். பதப்படுத்த வழக்கமான 70 நாட்களைக் கழித்தால் சாவு ஜனவரி வாக்கில் வருகிறது. அப்புறம் கடிதம் எழுத ராணி ஏன் இத்தனை மாதம் காத்திருந்தார்? அதைவிடப் பெரிய கேள்வி: துட்டன்காமனின் கல்லறைச் சுவரில், இறந்த அரசனுக்கு வாய் திறக்கும் சடங்கைச் செய்பவர், அவருக்குப் பின் அரியணை ஏறிய அதிகாரி ஆய். தலையில் நீலக் கிரீடம், பெயரைச் சுற்றி அரச வளையம். அடக்கத்தின்போதே ஆய் அரசனாகிவிட்டார் என்றால், காலியாக இல்லாத அரியணைக்கு அயல்நாட்டு மாப்பிள்ளை எதற்கு?

அங்கெசெனமுன் கட்சியில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான். இதைப் பேசாமல் அவர் பெயரைப் போடுபவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். ஓட்டையை அடைக்கச் சில வழிகள் உண்டு. முர்சிலி அப்பாவின் வரலாற்றைப் பின்னாளில் தொகுத்தவர். எந்தச் சம்பவம் எந்தப் பருவத்தில் நடந்தது என்பதை அவர் நெருக்கி எழுதியிருக்கலாம். ஆய் அரியணையில் அமர்ந்ததை ராணியும் அவர் தரப்பும் ஏற்காமல் இருந்திருக்கலாம். சன்னன்சா இறந்தபின் புதிய பார்வோனுக்குச் சுப்பிலுலியுமா எழுதிய கடிதத்தின் வரைவு ஒன்று உடைந்த நிலையில் கிடைத்திருக்கிறது. "நீ இடையில் அரியணையில் அமர்ந்துவிட்டாய் என்றால் என் மகனைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே" என்ற தொனியில் அது படிக்கப்படுகிறது. அரியணை சிறிது காலம் தகராறில் இருந்தது என்பதற்கு அது இடம் தருகிறது. இவை எல்லாம் பதில்கள்தான், ஆனால் ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை.

அப்படியிருந்தும் நான் அங்கெசெனமுன் பக்கம்தான் சாய்கிறேன். காரணம், சுப்பிலுலியுமா கேட்ட அதே கேள்வி: அவர்களுடைய அரசனுக்கு மகன் உண்டா, இல்லையா?

இந்தக் கேள்வியின் மதிப்பு என்னவென்றால், அதை அந்தக் காலத்திலேயே ஒருவர் நேரில் போய் விசாரித்துவிட்டார். ஹட்டுசாசிதி குளிர்காலம் முழுவதும் எகிப்துப் பக்கம்தான் இருந்திருக்கிறார். உளவு பார்க்கவே அனுப்பப்பட்டவர். அரண்மனையில் ஒரு பையன் ஓடியாடிக்கொண்டிருந்தால் அது அவர் காதுக்கு வராமலா போகும்? அவர் திரும்பிய பிறகு ஹானியும் சுப்பிலுலியுமாவின் முன் நின்று அதையே சொல்கிறார்: அரசனின் மகன் ஒருவன் எங்களுக்கு இருந்திருந்தால், வேற்று நாட்டுக்கு வந்து எங்களுக்கு ஒரு தலைவனைக் கேட்டுக்கொண்டிருப்போமா? நிப்ஹுருரியா இறந்துவிட்டார், அவருக்கு மகன் இல்லை, அவர் மனைவி தனியாக இருக்கிறார். கவனியுங்கள், இங்கே பேச்சு ராணியின் மகனைப் பற்றியது அல்ல, அரசனின் மகனைப் பற்றியது.

அக்கெனாட்டென் இறந்தபோது அரசனின் மகன் ஒருவன் இருந்தான். ஹெர்மோபோலிஸில் கிடைத்த அமர்னாக் கல் ஒன்று துட்டன்காட்டெனை "அரசனின் சொந்த உடலிலிருந்து பிறந்த மகன்" என்கிறது. அந்தப் பையன்தான் பின்னாளில் துட்டன்காமன். அவன் அக்கெனாட்டெனின் மகன் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். நெஃபர்டிட்டி தன் வயிற்றில் பிறக்காத பிள்ளையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கலாம், சரி. ஹானியும் சேர்ந்து மறைத்தாரா? மோப்பம் பிடிக்கப் போனவர் முழுக் குளிர்காலமும் ஏமாந்தாரா? நெஃபர்டிட்டியைத் தேர்ந்தெடுத்தால் இந்த இரண்டையும் நம்ப வேண்டும். மெரிட்டாட்டெனுக்கும் இதே இடறல்தான். இறந்தது ஸ்மெங்காரே என்றே வைத்துக்கொண்டாலும், அரச ரத்தத்தில் ஒரு சிறுவன் கையில் இருக்கும்போது எதிரி நாட்டு இளவரசனை ஏன் கூப்பிட வேண்டும்?

துட்டன்காமன் விஷயத்தில் இந்தச் சோதனை சட்டென்று பொருந்திவிடுகிறது. சுமார் 19 வயதில் இறந்தவர், உயிரோடு வாரிசு இல்லை. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த கல்லறையில் இரண்டு சிறிய சவப்பெட்டிகள் இருந்தன. உள்ளே பிறக்கும் முன்னரோ பிறக்கும்போதோ இறந்த இரண்டு பெண் சிசுக்கள். தாய் அங்கெசெனமுன் என்பதே பொதுவான கருத்து. இன்னொரு மனைவி இருந்ததற்குத் தடயம் இல்லை.

"ஊழியன்" என்ற சொல்லும் இங்கேதான் உறைக்கிறது. துட்டன்காமன் இறந்த பிறகு அரியணைக்கு வந்தவர்கள் யார்? முதலில் ஆய், பிறகு தளபதி ஹோரெம்ஹெப். இருவருமே அரச குடும்பத்து ஆட்கள் அல்ல, அதிகாரிகள். ராணியின் வார்த்தையில் சொன்னால் ஊழியர்கள். அக்கெனாட்டெனுக்குப் பின் வந்தவர்களோ ஸ்மெங்காரே, நெஃபர்நெஃபருவாட்டென், துட்டன்காமன். எல்லாரும் அரண்மனைக்குள்ளேயே இருந்தவர்கள். பயப்படும்படியான ஊழியன் அந்தப் பட்டியலில் இல்லை.

இதோடு ஒட்டி எப்போதும் ஒரு மோதிரக் கதை வரும். 1931இல் கெய்ரோ வியாபாரி ஒருவரிடம் பெர்சி நியூபெரி பார்த்த நீலக் கண்ணாடி மோதிரத்தில் ஆய், அங்கெசெனமுன் இருவரின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உடனே "கிழவன் ஆய் இளம் ராணியைக் கட்டாயக் கல்யாணம் செய்தான்" என்று கதை கிளம்பிவிட்டது. மோதிரம் காட்டுவது இருவர் பெயரும் சேர்ந்து எழுதப்பட்டது என்பதை மட்டும்தான். ஆயின் கல்லறையில் மனைவியாக இருப்பவர் பழைய மனைவி தெய். நம் முடிவுக்கு மோதிரம் தேவையில்லை, எனவே அதை ஒதுக்கிவைப்பதே நல்லது.

இன்னும் இரண்டு ஆட்சேபங்கள் மிச்சம். ஒன்று லுபக்கி. அமர்னாவில் கிடைத்த ஒரு கடிதம், ஹிட்டைட் படை லுபக்கு என்பவன் தலைமையில் அம்கா ஊர்களைப் பிடித்ததாகச் சொல்கிறது. அமர்னா ஆவணக் காப்பகம் துட்டன்காமனின் ஆரம்ப ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இரண்டும் ஒரே தாக்குதல் என்றால், விதவையின் கணவர் துட்டன்காமனாக இருக்க முடியாது. ஒரே தளபதி ஒரே எல்லையில் இரண்டு முறை தாக்கினான் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. எல்லைச் சண்டைகளில் அது அப்படி ஒன்றும் அதிசயமும் அல்ல.

இன்னொன்று கனமானது. 2007இல் ஜாரெட் மில்லர், முர்சிலி காலத்து உடைந்த பலகை ஒன்றில் வரும் "அர்மா" என்ற எகிப்தியரை ஹோரெம்ஹெப் என்று அடையாளம் கண்டார். முர்சிலியின் 7ஆம், 9ஆம் ஆட்சியாண்டுகளை ஒட்டிய சம்பவங்கள் அவை. அங்கே அர்மா அரசனாக அல்ல, எகிப்தின் ஆசியப் பகுதிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியாகத் தெரிகிறார் என்பது அவர் வாசிப்பு. அப்படியானால் முர்சிலி ஆட்சிக்கு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் எகிப்தில் ஹோரெம்ஹெப்புக்கு முந்தைய அரசர் காலம்தான். முர்சிலியின் அப்பா உயிரோடு இருந்தபோதே துட்டன்காமன் இறந்திருக்க வழியில்லை, கணவர் அக்கெனாட்டென் என்றாகிறது. மாறாக, அர்மா அப்போதே அரசனாகியிருந்தால் இந்த வாதம் முழுதும் உதிர்ந்துவிடும். பலகை அவரை அரசன் என்று சொல்லவில்லை என்பதில்தான் வாதம் பெரிதும் நிற்கிறது. ஹிட்டைட்காரர்களுக்கு அப்போது எகிப்தின்மேல் இருந்த பகையில், அரசனுக்கு அரசப் பட்டம் கொடுக்காமல் வெறும் பெயரால் குறித்திருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: சிறு குறிப்பு என்றால் "அங்கெசெனமுன் ஆக இருக்கலாம்" என்று போடுங்கள், "இருக்கலாம்" என்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். இடம் இருந்தால் நெஃபர்டிட்டியை இரண்டாவதாகச் சொல்லி, பருவக் கணக்கையும் ஆயின் சுவரோவியத்தையும் காரணமாகக் கொடுங்கள். மெரிட்டாட்டெனுக்கு ஒரு வரி போதும். ஹட்டுசாவின் பலகைத் துண்டுகளை ஒட்டிப் பொருத்தும் வேலை இன்னும் முடியவில்லை. அர்மாவுக்கு என்ன பட்டம் என்று தெளிவாகச் சொல்லும் துண்டு ஒன்று சேர்ந்தால், இந்த வரிசையை நானே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.